கருவி வாங்கப் பணம் உண்டு, பார்த்துக்கொள்ள ஆள்?

தஞ்சாவூரிலிருந்து இங்கே முனைவர் பட்டம் படிக்க வந்திருக்கும் ஒரு தம்பி சில வாரங்களுக்கு முன் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டான். அவனுடைய பேராசிரியர் ஒரு கிராண்டுக்கு, அதாவது ஆய்வு நிதிக்கு, எழுதிக்கொண்டிருக்கிறார், அதில் ஒரு கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் (செல்லை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் லேசர் நுண்ணோக்கி) கேட்கிறார், கருவிகள் பற்றிய பகுதியை நிரப்பும் வேலை இவன் தலையில் விழுந்திருக்கிறது. "அக்கா, இதே மாதிரி கருவி பக்கத்துல எங்க இருக்கு, அதை ஏன் பயன்படுத்த முடியாது, வாங்கினா யாரோட பகிர்ந்துப்பீங்க, கரண்டு செலவைக் குறைக்க என்ன செய்வீங்கன்னு எல்லாம் கேக்குது. இதுக்கெல்லாம் என்னத்தை எழுதறது?"

போனில் அவனிடம் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். சிங்கப்பூர் ஆய்வகங்களில் பதினோரு ஆண்டுகள் லேப் மேனேஜராக வேலை பார்த்தவள் நான். கருவி வந்து இறங்கும் நாளையும் பார்த்திருக்கிறேன், அதே கருவி மூலையில் உறை போட்டுக் கிடக்கும் நாளையும் பார்த்திருக்கிறேன். நிதி கொடுப்பவர்கள் ஏன் இப்படிக் கேட்க ஆரம்பித்தார்கள், அந்தக் கேள்விகள் எங்கே உண்மையில் வேலை செய்கின்றன, எங்கே வெறும் பத்தியாக நின்றுவிடுகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பகிர்வு பற்றிய கேள்வியும் சுற்றுச்சூழல் பற்றிய கேள்வியும் படிவத்தில் அடுத்தடுத்து வருவதால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் இரண்டும் பிறந்த இடம் வேறு. பகிர்வுக் கேள்வி சிக்கனத்தில் பிறந்தது. அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழகங்கள், அதாவது எல்லாரும் என்ஐஎச் என்று சொல்வது, 1982லேயே பொதுக் கருவிகளுக்கென்று ஒரு தனி நிதித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஒரே ஆளுக்காக விலை உயர்ந்த கருவி கேட்டால் கிடைக்காது, அந்தக் கருவி உண்மையிலேயே தேவைப்படும் ஆய்வாளர்கள் குறைந்தது மூன்று பேர் சேர்ந்து வர வேண்டும். இதற்கு மேல், அங்கே மத்திய அரசு நிதிக்கான பொது விதிகளிலேயே ஒரு வரி இருக்கிறது: அரசுப் பணத்தில் வாங்கிய கருவியை, அது வாங்கப்பட்ட வேலைக்கு இடைஞ்சல் வராத வரை, அரசு நிதி பெறும் மற்ற ஆய்வுகளுக்கும் திறந்துவிட வேண்டும். அதே விதிகள், தேவையில்லாததையும் ஏற்கெனவே இருப்பதையும் திரும்ப வாங்காதே என்றும் சொல்கின்றன.

பிரிட்டனில் இது இன்னும் கசப்பான நேரத்தில் வந்தது. 2010ல் சர் வில்லியம் வேக்கம் தலைமையில் ஓர் அறிக்கை வெளியாகி, பல்கலைக்கழகங்கள் ஆய்வுச் செலவைக் குறைக்கும் வழிகளைச் சொன்னது. கருவிகளைச் சேர்ந்து பயன்படுத்துவதும் அதில் ஒன்று. அந்த ஆண்டே அரசு ஆராய்ச்சிக்கான மூலதனச் செலவையும் வெட்டியது. அதற்குப் பிறகுதான் பெரிய கருவி கேட்பவர்கள், ஏற்கெனவே இருப்பதை ஏன் பயன்படுத்த முடியாது என்று எழுதிக் காட்ட வேண்டிய நிலை வந்தது. சீனா 2014ல் 5 லட்சம் யுவானுக்கு மேல் விலையுள்ள ஆய்வுக் கருவிகளை ஒரே தேசிய வலையமைப்புக்குள் கொண்டுவந்து வெளியாருக்கும் திறக்கச் சொன்னது. இந்தியாவில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஐ-ஸ்டெம் இணையத்தளம் 2020ல் வந்தது, 2022ல் கருவிப் பகிர்வுக்கும் பராமரிப்புக்குமென்று 'ஸ்ரீமன்' என்ற வழிகாட்டு நெறிகள் வந்தன. தமிழ்நாட்டில் வேதியியல் படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. சென்னை ஐஐடியில் 1970களிலிருந்து இயங்கிவரும் பொதுக் கருவி மையத்துக்கு மாதிரியைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சுற்றுச்சூழல் கேள்வி இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவான 'லீஃப்' என்ற ஆய்வகச் சான்றிதழ் முறை வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளில் ஆய்வகங்களை மதிப்பிடுகிறது. 2024ல் பிரிட்டனின் நிதியளிப்பாளர்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆராய்ச்சியின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்க ஒரு பொது உடன்படிக்கையை வெளியிட்டார்கள். வெல்கம் அறக்கட்டளை போன்ற பெரிய நிதியளிப்பாளர்கள் இப்போது இந்த மாதிரிச் சான்றிதழை நிபந்தனையாகவே வைக்கிறார்கள். ஜெர்மனியில் விண்ணப்பம் எழுதும்போதே ஆய்வை எப்படிக் குறைந்த பாதிப்போடு நடத்துவீர்கள் என்று யோசிக்கச் சொல்லி வழிகாட்டும் கேள்விகள் தருகிறார்கள். இதெல்லாம் ஐரோப்பியச் செய்தி, நமக்கென்ன என்று தோன்றலாம். வெல்கம் பணத்திலோ ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்திலோ ஒரு கால் வைத்திருக்கும் குழு சிங்கப்பூரிலும் உண்டு, கேள்வி அந்த வழியாக நம் மேசைக்கும் வந்துவிடும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 1991ல் முதல் தேசியத் தொழில்நுட்பத் திட்டம் 2 பில்லியன் வெள்ளியில் தொடங்கியது. 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒதுக்கியது 25 பில்லியன், அதன் பிறகு 2024 வரவுசெலவுத் திட்டத்தில் இன்னும் 3 பில்லியன் சேர்த்தார்கள். 2026ல் தொடங்கும் அடுத்த ஐந்தாண்டுக்கு 37 பில்லியன். இதெல்லாம் நம் வரிப்பணம். அதில் வாங்கும் கருவி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது.

பகிர்வு இங்கே புதிய சிந்தனையும் இல்லை. 2003ல் பயோபோலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகம் திறந்தபோதே, ஒவ்வொரு ஆய்வுக்கழகமும் தனக்கென்று கண்ணாடிக் குடுவை கழுவும் அறை, மரபணு வரிசை பார்க்கும் இயந்திரம், மைக்ராஸ்கோப் கூடம் என்று கட்டிக்கொள்ளாமல், பொதுவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் திறந்தார்கள். தேசிய ஆய்வு அறநிறுவனம் பகிர்வுக் கட்டமைப்புக்கென்றே நிதி தந்து, சிங்காஸ்கோப் என்ற பெயரில் மைக்ராஸ்கோப்புகளுக்கும் சிங்மாஸ் என்ற பெயரில் மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்களுக்கும் தீவு முழுவதற்குமான வலையமைப்புகளை உருவாக்கியது. மீத்திறன் கணினிக்கு 2015ல் ஒரு தேசிய மையம் வந்தது. செயின்ட் ஜான்ஸ் தீவிலுள்ள கடல் ஆய்வகத்தை 2016ல் தேசிய ஆய்வுக் கட்டமைப்பாக அறிவித்தார்கள். ஓடும் கடல்நீர்த் தொட்டி வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு தீவை வாங்க முடியுமா என்ன?

நம் நிலப்பரப்பும் இதற்குக் கை கொடுக்கிறது. இங்கிலாந்தில் லீட்சும் மான்செஸ்டரும் கருவி பகிர வேண்டுமென்றால் மாதிரியை ரயிலேற்ற வேண்டும், உயிருள்ள செல் வழியிலேயே செத்துப்போகும். இங்கே தேசியப் பல்கலைக்கழகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜ் நிலையத்திலிருந்து பயோபோலிஸ் இருக்கும் புவன விஸ்தா இரண்டே நிறுத்தம். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டியில் போய்ப் படம் எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நானே எத்தனையோ முறை போயிருக்கிறேன். உலகத்தில் கருவிப் பகிர்வு சரியாக நடக்க வேண்டிய ஓர் ஊர் உண்டென்றால் அது இதுதான்.

மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ், நம் ஊரின் வெப்பநிலை நமக்கு எதிராக நிற்கிறது. 2005ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் ஃபியூம் ஹூட் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஃபியூம் ஹூட் என்பது வேதிப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி, வேதியியல் ஆய்வகத்துக்குள் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆறடி அகலப் பெட்டி ஒன்று மூன்றரை அமெரிக்க வீடுகளின் எரிசக்தியை விழுங்குகிறது என்று அதில் வரும். நான் திரும்பத் திரும்பப் படித்தது அடுத்த வரியைத்தான்: அந்தப் பெட்டியின் ஆண்டுச் செலவு லாஸ் ஏஞ்சலிஸில் ஆவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் ஊர் என்று அவர்கள் எடுத்துக்காட்டியது சிங்கப்பூரை. காரணம் எளிது. அந்தப் பெட்டி உறிஞ்சி வெளியே தள்ளுவது நாம் காசு கொடுத்துக் குளிரவைத்த, ஈரம் நீக்கிய காற்று. அதற்குப் பதிலாக உள்ளே வருவது முப்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஈரக்காற்று, அதைத் திரும்பவும் குளிரவைக்க வேண்டும், இரவும் பகலும், ஆண்டின் 365 நாளும். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுப் போனால், காற்றின் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதியுள்ள கட்டடங்களில் இதில் பெரும்பகுதி மிச்சம். ஒரு கை அசைவு, அவ்வளவுதான்.

ஃப்ரீசர் கணக்கு இன்னும் கண்ணுக்குத் தெரியும். மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கும் பழைய ஃப்ரீசர் ஒன்று நாளைக்கு 20 யூனிட் வரை எடுக்கும், மாதத்துக்கு 600. நாலறை வீவக வீடு ஒன்று மாதத்துக்குச் சராசரியாக 400 யூனிட்டைக்கூடத் தொடுவதில்லை. ஃப்ரீசர் எடுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் இறங்கும், அதை வெளியேற்ற ஏர்கானுக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமிலவாயு. ஆக ஒரு ஃப்ரீசர் ஆண்டுக்கு மூன்று டன்னை நெருங்கும். அதே ஃப்ரீசரை மைனஸ் 70ல் வைத்தால் மின்சாரம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும், பெரும்பாலான மாதிரிகளுக்கு ஒன்றும் ஆகாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைச் செய்து பார்த்தபோது எதிர்ப்பு அறிவியலிலிருந்து வரவில்லை. உள்ளே இருக்கும் பெட்டிகளில் பாதி யாருடையது என்றே யாருக்கும் தெரியவில்லை, படித்து முடித்து ஊருக்குப் போய் ஆறு வருடமான மாணவர்களின் பெயர் ஒட்டியிருந்தது, தெரியாததைத் தொட எல்லாருக்கும் பயம்.

பகிர்வும் மின்சாரமும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வெற்றிடம் உண்டாக்கும் பம்புகள், உள்ளே மாதிரியை வைத்தாலும் வைக்காவிட்டாலும், ஓடிக்கொண்டே இருக்கும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியின் காந்தத்துக்கு யாரும் பயன்படுத்தாத மாதத்திலும் திரவ ஹீலியம் ஊற்றியாக வேண்டும். அப்படிப்பட்ட கருவிகளில் பாதி நேரம் ஓடும் இரண்டுக்குப் பதில் முழு நேரம் ஓடும் ஒன்று இருந்தால் பணமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். ஃபியூம் ஹூட்டையோ ஃப்ரீசரையோ பகிர்வதால் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது, அங்கே வேண்டியது ஒழுங்கு. ஒரே பத்தியில் எல்லாக் கருவிக்கும் ஒரே பதில் எழுதும் விண்ணப்பங்கள் இந்த வித்தியாசத்தை விட்டுவிடுகின்றன.

பிளாஸ்டிக் பற்றி ஒரு வரி. உயிரியல், மருத்துவ, வேளாண் ஆய்வகங்கள் 2014ல் உலகம் முழுவதும் 55 லட்சம் டன் பிளாஸ்டிக்கைக் குப்பையாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தினர் மதிப்பிட்டார்கள். நம் ஆய்வகத்துப் பிளாஸ்டிக் எரிந்து சாம்பலாகிப் போய்ச் சேரும் செமாக்காவ் நிரப்புநிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள்.

இத்தனை தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? ஆய்வாளர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அவர்கள் கெட்டவர்களும் இல்லை, கருமிகளும் இல்லை. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஒரு பேராசிரியர் கிராண்டில் சொந்தமாகக் கருவி வாங்கிவிட்டால், அதற்கான மின்கட்டணம் அவர் கணக்குக்கு வராது. நிறுவனம் பொதுச் செலவிலிருந்து கட்டிவிடும், அவர் ஆய்வகத்துக்கென்று தனி மீட்டர்கூட இருக்காது. இடத்துக்கு வாடகையும் பெரும்பாலும் அவர் கையிலிருந்து போகாது. அதே பேராசிரியர் பொதுக் கூடத்துக்குப் போனால் மணிக்கு இவ்வளவு வெள்ளி என்று பில் வரும், அது அவர் கிராண்டிலிருந்து நேராகக் கழியும். சொந்தக் கருவி இலவசம் போலவும் பொதுக் கருவி செலவு போலவும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. நாட்டுக்கு உண்மை நேர்மாறு. பகிருங்கள் என்று ஒரு பக்கம் நிபந்தனை போட்டுவிட்டு மறுபக்கம் பகிராதவருக்கு மின்சாரத்தையும் இடத்தையும் சும்மா கொடுத்தால் யார்தான் பகிர்வார்கள்?

கரிம வரியும் இங்கே உதவாது. 2019ல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது 2024ல் 25 ஆகி, 2026ல் 45 ஆகிறது. ஆனால் அது ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் பெரிய ஆலைகள் மீதான வரி. மின்கட்டணத்தின் வழியாகக் கொஞ்சம் கசிந்து வரும், அந்தக் கட்டணத்தைப் பேராசிரியர் பார்ப்பதே இல்லை என்று இப்போதுதான் சொன்னேன்.

அப்புறம் ஆள். என்னைப் பொறுத்தவரை மொத்தச் சிக்கலின் முடிச்சு இங்கேதான். எங்கள் பாட்டி ஊரில் கல்யாணத்துக்குச் சமைக்க அண்டா, தவலை, பெரிய கரண்டியெல்லாம் கோயிலில் பொதுவாக இருக்கும், பாத்திரத்தின் விளிம்பில் கோயில் பெயர் வெட்டியிருக்கும், ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் எடுத்துப் போகலாம். வீட்டுக்கு வீடு அண்டா வாங்கத் தேவையில்லாமல் தலைமுறைகள் ஓடின. அது அப்படி ஓடியதற்குக் காரணம் அண்டா பொதுவில் இருந்தது மட்டும்தானா? சாவி வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். யார் எடுத்தது, என்று திரும்பியது, ஈயம் பூசி எத்தனை நாள் ஆனது என்று அவருக்குத் தெரியும், அடிப்பிடித்த அண்டாவை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. அவர் போன பிறகு பாத்திரங்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

பொதுக் கருவிக்கும் அந்தப் பெரியவர் வேண்டும். புது மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க, புக்கிங்கைப் பார்க்க, லேசர் மங்கினால் கண்டுபிடிக்க, சர்வீஸ் இன்ஜினியரோடு மல்லுக்கட்ட, இந்தச் சோதனைக்கு இந்தக் கருவி சரிவராது, பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதைப் பயன்படுத்து என்று சொல்ல. இந்தக் கடைசி வேலை எந்த இணையத்தளத்தாலும் ஆகாது. இவருக்குச் சம்பளம் எங்கிருந்து? நான் மேலே சொன்ன அமெரிக்கப் பொதுக்கருவி நிதிகூடக் கருவியை வாங்கித் தரும், ஆள் சம்பளம் தராது. பராமரிப்புக்கு நிறுவனமே உறுதி கொடுக்க வேண்டும். இங்கேயும் நான் பார்த்தவரை பொதுக் கூடங்களில் வேலை செய்பவர்களில் பலர் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், கிராண்டு முடிந்தால் அவர்களும் முடிந்தார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பதினான்கு மாதம் சும்மா கிடந்தது. பழுது ஒன்றும் இல்லை. அதை ஓட்டத் தெரிந்த ஒரே பெண்ணின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவள் மலேசியாவுக்குத் திரும்பிவிட்டாள், வாங்கிய பேராசிரியரும் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். பதினான்கு மாதமும் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆள் சம்பளத்தை மணிக்கட்டணத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் வேறு விதமாக அடிவாங்கும். கட்டணம் ஏறும், ஏறியதும் நாலு பேர் விலகுவார்கள், விலகியதும் மீதிப் பேர் தலையில் இன்னும் ஏறும், கடைசியில் யாராவது ஒருவர், இந்த விலைக்குச் சொந்தமாகவே வாங்கிவிடலாமே என்று புது கிராண்டு எழுத உட்காருவார். அப்படி வாங்கிய கருவியையும் பகிர்வதாகத்தான் அந்தக் கிராண்டில் எழுதியிருப்பார்.

என்னைக் கேட்டால் நிபந்தனையைக் கருவி வாங்கும் நாளோடு விட்டுவிடக் கூடாது. மூன்றாம் ஆண்டு முடிவில் கருவி எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எத்தனை மணி வெளியாருக்கு என்ற பதிவைக் கேட்க வேண்டும். புக்கிங் மென்பொருளில் இந்தக் கணக்கு தானாகவே கிடக்கிறது, யாரும் புதிதாக உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. கருவியின் விலையோடு சேர்த்து அதைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தையும் கருவியின் ஆயுள் முழுவதற்கும், பத்து ஆண்டென்றால் பத்து ஆண்டுக்கும், யாராவது ஏற்க வேண்டும். ஏற்க ஆள் இல்லாவிட்டால் அந்தக் கருவியை வாங்காமலிருப்பதே மேல் என்றுகூடச் சொல்வேன். ஆய்வகத்துக்கு ஒரு மீட்டர் பொருத்தி, மாதக் கட்டணத்தைப் பேராசிரியர் கட்ட வேண்டாம், பார்த்தால் போதும் என்று தொடங்கலாம். நம் அரசுத்துறை 2045க்குள் நிகர சுழிய வெளியீட்டை எட்டுவதாகச் சொல்லியிருக்கிறது, அலுவலகங்களில் ஏர்கானை 25 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள் என்கிறார்கள். சதுர மீட்டருக்கு அலுவலகத்தைப் போலப் பல மடங்கு மின்சாரம் எடுக்கும் ஆய்வகத்தில் எண்ணே தெரியாமல் அந்த 2045ஐ எப்படி எட்டுவது?

ஒரு எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் வீணாகிவிடும் மாதிரிகள் உண்டு, அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து நேராக வரும் திசு மாதிரி. புக்கிங் கிடைக்க மூன்று வாரம் ஆகும் கருவியை வைத்துக்கொண்டு அந்த ஆய்வைச் செய்ய முடியாது. புதுமாதிரிக் கருவியைத் தானே கழற்றி மாற்றிப் பார்க்கும் குழுக்களும் உண்டு, பொதுக் கருவியில் கைவைக்க யார் விடுவார்கள்? இவர்கள் சொந்தக் கருவி கேட்பது நியாயம், படிவத்தில் அதை நேராகவே எழுதலாம், எழுதினால் மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். எதற்கும் பொருந்தாத பொத்தாம்பொதுவான பகிர்வு வாக்குறுதியைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கெண்ட் ரிட்ஜிலும் பயோபோலிஸிலும் இருக்கும் கன்ஃபோகல்களின் புக்கிங் பக்கத்தைப் போய்ப் பார் என்றேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். காலையில் எல்லாம் நிரம்பியிருக்கிறதாம், மாலை ஏழு மணிக்கு மேல் வாரம் முழுவதும் காலியாம். அவர்களுடைய சோதனையில் செல்லைப் பதினெட்டு மணி நேரம் விடாமல் படமெடுக்க வேண்டும், இரவு நேரம் அதற்குச் சரியாக வரும், ஆனால் இரவில் ஏதாவது நின்றால் பார்க்க ஆள் இல்லை. பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கருவிக்குப் பதிலாக அந்தப் பொதுக் கூடத்தில் மாலை ஷிப்டுக்கு ஓர் ஆளின் சம்பளத்தைக் கிராண்டில் கேட்கலாமா என்றாராம். இருவரும் உட்கார்ந்து படிவத்தைத் தேடியிருக்கிறார்கள். சொந்தக் குழுவில் சேரும் ஆட்களுக்கு வரிசை இருக்கிறது, கருவிக்கு வரிசை இருக்கிறது, பொதுக் கூடத்தில் வேலை செய்யும் ஓர் ஆளுக்குச் சம்பளம் கேட்க எந்த வரிசையும் இல்லை. நிதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.